கொசுறைப் பார்த்துக் காய் வாங்கலாமா? அட்லாண்டா ஹாக்ஸின் டிராஃப்ட் கணக்கு

2018 ஜூன் 21 இரவு. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வின் அணிகள் முறைவைத்துப் புதுமுகங்களை எடுக்கும் டிராஃப்ட் நாள். புரூக்ளின் பார்க்லேஸ் சென்டர் மேடையில் லூகா டான்சிச் அட்லாண்டா ஹாக்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் அதே மேடைக்கு டிரே யங் வந்தார். அவர் தலையில் டாலஸ் மேவரிக்ஸ் தொப்பி. இரண்டு தொப்பிகளுமே அன்றிரவே மாறிவிட்டன. 3-ஆவது இடத்தில் டான்சிச்சை எடுத்த அட்லாண்டா அவரை டாலஸுக்குக் கொடுத்தது. 5-ஆவது இடத்தில் டிரேயை எடுத்த டாலஸ் அவரை அட்லாண்டாவுக்குக் கொடுத்தது. இரண்டு படி இறங்கியதற்கு ஈடாக, டாலஸின் 2019-ஆம் ஆண்டு முதல் சுற்றுத் தேர்வும், அதாவது அடுத்த டிராஃப்டின் முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமையும், அட்லாண்டாவுக்குக் கிடைத்தது.

தோற்றுக்கொண்டிருக்கும் ஓர் அணியை அடியிலிருந்து கட்டுவது எப்படி என்று யாராவது கேட்டால் நான் இந்த இரவிலிருந்துதான் தொடங்குவேன். கையில் உள்ள தேர்வை வைத்துக்கொள்வதா, கீழே இறங்கிக் கூடுதலாக ஒன்றை வாங்குவதா, மேலே ஏறுவதா, தேர்வுகளைக் கொடுத்து வளர்ந்த ஆட்டக்காரரை வாங்குவதா, லீக் ஓர் அணிக்கு வைத்திருக்கும் சம்பள வரம்பில் உள்ள காலி இடத்தை விற்றுக் காசாக்குவதா? அடுத்த ஏழு ஆண்டுகளில் அட்லாண்டா இந்த ஐந்து வழிகளிலும் நடந்து பார்த்துவிட்டது. வேறெந்த அணியையும் இப்படி ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட முடியுமா என்று தெரியவில்லை.

அந்த அணி அன்று இருந்த நிலையைச் சொல்லிவிடுகிறேன். 2014-15 பருவத்தில் 60 ஆட்டங்களை வென்ற அணி அது. மூன்றே ஆண்டுகளில் அதன் முக்கிய ஆட்டக்காரர்கள் ஹார்ஃபோர்ட், மில்சாப், டீக், கோர்வர் எல்லோரும் போய்விட்டார்கள். 2017-18இல் 24 வெற்றி, 58 தோல்வி. கோல்டன் ஸ்டேட்டிலிருந்து வந்திருந்த டிராவிஸ் ஷ்லெங்க் பொது மேலாளர். டாலஸின் கணக்கும் அதே 24-58. டிராஃப்டின் முதல் இடங்கள் யாருக்கு என்று முடிவுசெய்வது, அதிகம் தோற்ற அணிக்கு அதிக வாய்ப்பு தரும் ஒரு லாட்டரி. அந்த லாட்டரியில் 14 பந்துகளிலிருந்து நான்கை எடுப்பார்கள். வரக்கூடிய 1,001 சேர்க்கைகளில் ஒன்றை ஒதுக்கிவிட்டு 1,000-ஐ அணிகளுக்குப் பங்கு போடுவார்கள். சமநிலையில் இருந்த இரண்டு அணிகளில் டாலஸுக்கு 138 சேர்க்கைகள், அட்லாண்டாவுக்கு 137. கடைசியில் ஒன்று கூடுதலாக வைத்திருந்த டாலஸ் 5-க்கு இறங்க, அட்லாண்டா 3-க்கு ஏறியது. அணியைக் கட்டுவது பற்றி என்ன திட்டம் போட்டுப் பேசினாலும், முதல் படியில் பந்து உருளுகிற விதம்தான் தீர்மானிக்கிறது. 2024இல் இதே அட்லாண்டா வெறும் 3 சதவீத வாய்ப்பை வைத்துக்கொண்டு முதல் தேர்வையே பெற்றது.

சரி, 3-ஆவது தேர்வு கையில். முன்னால் இரண்டு பெயர்கள்.

டான்சிச்சுக்கு அப்போது 19 வயது. அதற்குள் ஸ்லோவீனியாவோடு 2017 யூரோபாஸ்கெட் தங்கம், ரியல் மாட்ரிட்டோடு யூரோலீக் கோப்பை, யூரோலீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது. வளர்ந்த ஆண்கள் ஆடும் லீகில் ஒரு பையன் இதையெல்லாம் செய்திருந்தான். ஆனாலும் வேகம் போதாது, குதிப்பு போதாது, என்.பி.ஏ.வில் தன்னைக் காக்க வருபவரைத் தாண்ட முடியாது என்ற சந்தேகம் பரவலாக இருந்தது. முதல் தேர்வை வைத்திருந்த ஃபீனிக்ஸின் புதிய கோச் இகோர் கோகோஷ்கோவ், ஸ்லோவீனியாவில் டான்சிச்சுக்கே கோச்சாக இருந்தவர். ஃபீனிக்ஸே டிஆண்ட்ரே எய்ட்டனைத்தான் எடுத்தது. 2-ஆவது தேர்வில் சாக்ரமென்டோ மார்வின் பேக்லியை எடுத்தது. ஆகவே தவறு அட்லாண்டாவுடையது மட்டும் இல்லை.

டிரே யங் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் ஒரே பருவத்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளிகளும் (ஆட்டத்துக்கு 27.4) அதிக அசிஸ்ட்களும் (சக ஆட்டக்காரர் கூடை போட உதவும் பாஸ்கள், 8.7) எடுத்தவர். அதற்கு முன் கல்லூரி ஆட்டத்தில் யாரும் அப்படிச் செய்ததில்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்திலிருந்தே குறிபார்த்துப் போடுவார். குறை என்னவென்றால் உயரம். ஆறடிக்குச் சற்றே மேல், மெலிந்த உடம்பு. எதிரணி ஒவ்வொரு முறையும் அவரைத்தான் தேடி வந்து தாக்கும் என்பது அன்றே தெரிந்த விஷயம்.

அட்லாண்டாவின் வாதம் இப்படி இருந்திருக்கும்: இருவரும் ஏறத்தாழ ஒரே தரம், இறங்கினால் கூடவே இன்னொரு முதல் சுற்றுத் தேர்வு கிடைக்கும், ஒன்றுக்கு இரண்டு. காகிதத்தில் பார்த்தால் யாரும் மறுக்க முடியாத கணக்கு.

காய்கறிக் கடையில் கத்தரிக்காய் எடைபோட்டு முடித்ததும் கடைக்காரர் ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் திணிப்பார். கொசுறு. வாங்க வேண்டியதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஆனால் எந்தக் கடையில் கொசுறு தருகிறார்கள் என்று பார்த்துக் கத்தரிக்காய் வாங்கினால், வீட்டுக்கு வந்து நறுக்கும்போதுதான் புழு தெரியும். டிராஃப்டில் கீழே இறங்குவது பற்றி எனக்கு உள்ள கேள்வி இது ஒன்றுதான்: அந்தக் கூடுதல் தேர்வு இல்லாமலே இருந்திருந்தாலும் இதே ஆட்டக்காரரைத்தான் எடுத்திருப்பீர்களா? ஆமாம் என்றால் தாராளமாக இறங்கலாம். இல்லை என்றால், கொசுறைக் காட்டி உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள்.

ஒரு வருடம் முன்னால் பாஸ்டன் செய்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2017இல் முதல் தேர்வு பாஸ்டனிடம் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவுக்கு மார்கெல் ஃபுல்ட்ஸ் வேண்டும். பாஸ்டன் 3-க்கு இறங்கி, பிற்பாடு வரும் ஒரு முதல் சுற்றுத் தேர்வையும் வாங்கிக்கொண்டு ஜேசன் டேட்டமை எடுத்தது. இறங்கிய படிகளும் இரண்டு, வாங்கிய கொசுறும் ஒன்று, அச்சு அசலாக அதே பேரம். ஆனால் பாஸ்டன் அணியை நிர்வகித்த டேனி எய்ஞ்சின் பட்டியலில் டேட்டம்தான் முதல் பெயர். முதல் தேர்வை வைத்திருந்தாலும் அவரையே எடுத்திருப்போம் என்கிற நிலையில்தான் அவர் இறங்கினார். கொசுறாக வந்த தேர்வு 2019இல் 14-ஆவது இடத்தில் விழுந்து ரோமியோ லாங்ஃபர்ட் ஆனது, அதைப் பாஸ்டனில் இன்று யாரும் நினைப்பதுகூட இல்லை. கத்தரிக்காய் நன்றாக இருந்தது, 2024இல் கோப்பையும் வந்தது. அந்த இறுதிச் சுற்றில் 4-1 என்று தோற்ற அணி டான்சிச்சின் டாலஸ்.

அட்லாண்டா வாங்கிய கொசுறை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. அந்த 2019 தேர்வுக்கு ‘டாப்-5 பாதுகாப்பு’ இருந்தது. முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தால் டாலஸே வைத்துக்கொள்ளும், ஆறு அல்லது அதற்குக் கீழே போனால்தான் அட்லாண்டாவுக்கு அந்த ஆண்டே வரும். அதாவது அந்தச் சீட்டின் மிக இனிப்பான பகுதியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதைவிடப் பெரியது இன்னொன்று. நீங்கள் டாலஸுக்கு டான்சிச்சைக் கொடுக்கிறீர்கள், அடுத்த ஆண்டு டாலஸ் மோசமாக ஆடினால்தான் உங்கள் சீட்டுக்கு மதிப்பு. அவர் நன்றாக ஆடினால் ஆட்டக்காரரும் போனார், சீட்டின் மதிப்பும் போயிற்று. ஒரே காரணத்துக்காக இரண்டு பக்கமும் நஷ்டம். டான்சிச் முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்கு 21.2 புள்ளிகள் எடுத்துச் சிறந்த புதுமுக விருதை வாங்கினார். டாலஸ் 33 ஆட்டங்களை வென்றது. சீட்டு 10-ஆவது இடத்தில் விழுந்தது. அட்லாண்டா அதில் கேம் ரெடிஷை எடுத்தது.

ரெடிஷ் 2022 ஜனவரியில் நியூயார்க் நிக்ஸுக்குப் போனார். பதிலுக்கு கெவின் நாக்ஸும், சார்லட்டின் ஒரு பாதுகாக்கப்பட்ட முதல் சுற்றுத் தேர்வும் வந்தன. அந்தத் தேர்வு அதே ஆண்டு ஜூனில் சான் அன்டோனியோவுக்குக் கைமாறியது. கடைசி வரைக்கும் அது முதல் சுற்றுத் தேர்வாக மலரவே இல்லை, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளாகக் கரைந்தது.

இதைச் சொல்லிவிட்டு டிரேயைக் குறைத்துப் பேசினால் அது நியாயம் இல்லை. 2021 மே மாதம் மேடிசன் ஸ்குவேர் கார்டன், நிக்ஸோடு பிளேஆஃப் சுற்றின் முதல் ஆட்டம், 0.9 விநாடி மிச்சம். டிரே உள்ளே நுழைந்து பந்தை ஒரு மிதப்பு மிதக்கவிட்டு வளையத்தில் இறக்கினார். 107-105. அரங்கம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தது, அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்த அணி கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்று வரை போனது. தவறான முடிவு என்று நான் சொல்வது, டான்சிச் இருந்த இடத்தில் டிரேயை எடுத்ததை மட்டுமே. டிரே இருந்ததால் அட்லாண்டா ரசிகர்களுக்குக் கிடைத்த அந்த ஜூன் மாதம் பொய் ஆகிவிடாது.

ஆனால் அந்த ஓட்டத்தை உன்னிப்பாகப் பார்த்தவர்களுக்கு வேறொன்றும் தெரியும். ஃபிலடெல்ஃபியாவில் நடந்த ஏழாவது ஆட்டம், நம்மூரில் திங்கள் விடிகாலை. டிரே 23 முறை போட்டு 5 தான் உள்ளே போயின. அணியைத் தூக்கி நிறுத்தியவர் கெவின் ஹர்ட்டர். 27 புள்ளிகள். கடைசி நிமிடத்தில் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஃபவுல் வாங்கி, மூன்று ஃப்ரீ த்ரோக்களையும் போட்டார். ஃபிலடெல்ஃபியா ரசிகர்கள் கத்திக்கொண்டிருக்க, அந்தச் செம்பட்டைத் தலை இளைஞரின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஹர்ட்டர் 2018இன் 19-ஆவது தேர்வு. மினசோட்டாவிடமிருந்து சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சின்ன டிரேடில் வாங்கிப் போட்ட சீட்டு. யாரும் பெரிதாகப் பேசாத கொசுறு. கொசுறே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பாருங்கள். பெரிய காயை விட்டுக்கொடுக்காமல் வந்த கொசுறு எல்லாமே லாபம்.

அப்படிப்பட்ட கொசுறு வருகிற முக்கியமான வழி சம்பள வரம்புதான். என் கணக்கில், கட்டுமானத்தில் இருக்கும் அணிக்கு இருக்கும் வழிகளிலேயே அதிகம் கைகொடுப்பது இதுதான். ரசிகர்கள் அதிகம் பேசாததும் இதுதான். புதுமுகங்கள் நான்கு ஆண்டுகள் வரை குறிப்பிட்ட அளவுச் சம்பளத்தில்தான் ஆடுவார்கள். ஆகவே இளைஞர்களை வைத்து ஆடும் அணிக்கு வரம்பில் நிறைய இடம் காலியாக இருக்கும். நட்சத்திரங்களை வாங்கத் துடிக்கும் அணிகளுக்கோ தேவையில்லாத பெரிய ஒப்பந்தங்களைத் தள்ளிவிட இடம் வேண்டும். 2019 கோடையில் புரூக்ளின் நெட்ஸ் அப்படித்தான் இருந்தது. ஆலன் கிராப் என்பவருக்கு அந்த ஆண்டு 1 கோடியே 85 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. மொத்த வரம்பே சுமார் 10.9 கோடி. அட்லாண்டா டாரியன் பிரின்ஸையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து கிராப்பை வாங்கிக்கொண்டது. கூடவே புரூக்ளினின் 2019 முதல் சுற்றுத் தேர்வு, அதாவது 17-ஆவது இடம். அதோடு 2020 முதல் சுற்றுத் தேர்வும்.

அந்த 2020 தேர்வைக் கொடுத்துத்தான் 2020 பிப்ரவரியில் நடந்த நான்கு அணி டிரேடில் கிளின்ட் கபேலாவைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு கிழக்கு இறுதிச் சுற்றுக்குப் போன அணியின் வளையத்தைக் காத்த சென்டர் அவர்தான். ஒருவருடைய தேவையில்லாத ஒப்பந்தத்தைச் சுமந்ததற்குக் கிடைத்த கூலி. டான்சிச்சைக் கொடுத்து வாங்கிய சீட்டையும், கிராப்பைச் சுமந்து வாங்கிய சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டாவதுதான் அணிக்கு அதிகம் உழைத்தது.

17-ஆவது தேர்வு வேறு திசையில் போனது. அதையும் 8, 35-ஆவது தேர்வுகளையும் சேர்த்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து, 2019 டிராஃப்டில் 4-ஆவது இடத்துக்கு ஏறி டி'ஆண்ட்ரே ஹண்டரை எடுத்தார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. முந்தைய ஆண்டு 3-இலிருந்து 5-க்கு இறங்க ஒரே ஒரு தேர்வு வாங்கிய அணி, இந்த ஆண்டு 8-இலிருந்து 4-க்கு ஏற இரண்டைக் கூடக் கொடுத்தது. ஹண்டர் நல்ல தடுப்பாட்டக்காரர், ஐந்தரை பருவங்கள் உழைத்துவிட்டு 2025 பிப்ரவரியில் கிளீவ்லாந்துக்குப் போனார். ஆனால் மேலே ஏறுவதென்றால் அணியின் முகமே மாறும் ஆளுக்காக ஏற வேண்டும். துணை நிற்கும் ஆளுக்காக இவ்வளவு கொடுக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் அதிகம் வலித்தது 2022. அந்த ஆண்டு மயாமியிடம் முதல் சுற்றிலேயே தோற்றதும், டிரேக்குப் பக்கத்தில் இன்னொரு பெரிய ஆள் வேண்டும் என்று அவசரம் வந்தது. சான் அன்டோனியோவிடமிருந்து டெஜான்டே மர்ரி வந்தார். போனவை: 2025, 2027 முதல் சுற்றுத் தேர்வுகள் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், 2026இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை, மேலே சொன்ன சார்லட் சீட்டு, டானிலோ கல்லினாரி. 2026-ஐ மட்டும் ஏன் ‘மாற்றிக்கொள்ளும் உரிமை’ என்று எழுதினார்கள் என்றால், லீகில் ஸ்டெபியன் விதி என்று ஒன்று உண்டு. டெட் ஸ்டெபியன் என்ற கிளீவ்லாந்து உரிமையாளர் எண்பதுகளில் முதல் சுற்றுத் தேர்வுகளை வாரி வாரிக் கொடுத்து அணியைத் தரைமட்டமாக்கினார். அதற்குப் பிறகு அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளைக் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் கொடுத்து, நடு வருடத்தை மாற்று உரிமையாக எழுதினால் விதி மீறவில்லை, கை மட்டும் காலி.

மர்ரி இருந்த இரண்டு பருவங்களில் அட்லாண்டா 41-41, பிறகு 36-46. இதில் பணத்தைவிட, தேர்வுகளைவிட, ஒரு சுதந்திரம்தான் போனது. சொந்தத் தேர்வு கையில் இல்லாத அணிக்குத் தோற்பதால்கூடப் பலன் இல்லை. மீண்டும் அடியிலிருந்து கட்டலாம் என்று நினைத்தாலும் கட்ட முடியாது. 2025இல் அட்லாண்டாவின் தேர்வு 14-ஆவது இடத்தில் வந்து சான் அன்டோனியோவுக்குப் போனது. அவர்கள் கார்ட்டர் பிரையன்ட்டை எடுத்தார்கள். ஒரே ஆறுதல், 2024 ஜூனில் மர்ரியை நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்தபோது இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளோடு டைசன் டேனியல்ஸும் வந்தார். அடுத்த பருவத்திலேயே அவர் அதிக முன்னேற்றம் கண்ட ஆட்டக்காரர் விருதை வாங்கினார்.

இப்போது 2025 ஜூன் 25க்கு வருவோம். அட்லாண்டாவுக்கு மீண்டும் இறங்கச் சொல்லி ஒரு பேரம். ஹர்ட்டரை நினைவிருக்கிறதா? 2022இல் அவரை சாக்ரமென்டோவுக்குக் கொடுத்தபோது ஒரு பாதுகாக்கப்பட்ட முதல் சுற்றுத் தேர்வு வந்தது. 2025இல் அது 12-க்குள் வந்தால் சாக்ரமென்டோவே வைத்துக்கொள்ளும். வந்தது 13. அந்த 13-ஆவது தேர்வுக்கு நியூ ஆர்லியன்ஸ் ஆசைப்பட்டது. பதிலுக்கு 23-ஆவது தேர்வும், 2026 முதல் சுற்றுத் தேர்வும். அந்த 2026 தேர்வுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நியூ ஆர்லியன்ஸ், மில்வாக்கி இரண்டில் எது மேலே விழுகிறதோ அது அட்லாண்டாவுக்கு. பொது மேலாளர் ஆன்சி சாலே ஒத்துக்கொண்டார். நியூ ஆர்லியன்ஸ் டெரிக் குயீனை எடுத்தது. அட்லாண்டா பத்து இடம் இறங்கி ஏசா நியூவெல்லை எடுத்தது.

2018-உடன் இதை ஒப்பிட்டால் பேரம் தலைகீழாக இருக்கிறது. அன்று விட்டுக்கொடுத்தது 3-ஆவது இடம், பெரிய நட்சத்திரங்கள் கிடைக்கும் உயரம். 2025இல் விட்டது 13. (13-இலும் கோபி பிரையன்ட், டெவின் புக்கர், டோனவன் மிட்செல் எல்லாம் வந்திருக்கிறார்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் அந்த மூன்று பெயருக்கு நடுவே எத்தனை ஆண்டுகள், எத்தனை மறந்துபோன பெயர்கள்.) அன்று வாங்கிய சீட்டின் மேல்பகுதியை வெட்டிவிட்டுக் கொடுத்தார்கள். 2025இல் மேலே வானம் திறந்திருந்தது, அதுவும் இரண்டு அணிகளில் எது சரிந்தாலும் சரி. அன்று எதிரணிக்கு டான்சிச்சைக் கொடுத்து நம் சீட்டை நாமே மலிவாக்கினோம். 2025இல் 21-61 என்று முடித்த அணிக்குக் கொடுத்தது ஒரு 20 வயதுப் புதுமுகம். முதல் ஆண்டிலேயே அந்த அணியைத் தூக்கிவிடுவார் என்று பயப்படத் தேவை இருக்கவில்லை. இங்கே கொசுறுதான் காயைவிடப் பெரியது, அதற்காகவே வாங்கியிருக்கிறார்கள் என்பதும் தெளிவாகத் தெரிகிறது.

இன்று ஒரு 24 வெற்றி அணி 3-ஆவது தேர்வோடு என்னிடம் வந்து கேட்டால், பட்டியலில் முதலில் இருப்பவரை எடுங்கள், தொலைபேசியை எடுக்க வேண்டாம் என்பேன். வரம்பில் உள்ள இடத்தில் வேறு அணிகளின் கிராப்களைச் சுமந்து சீட்டுகளைச் சேர்க்கச் சொல்வேன். 10-ஆவது இடத்துக்குப் பிறகு வரும் தேர்வுகளுக்கு மட்டும் இறங்கும் பேரங்களைக் காது கொடுத்துக் கேட்கலாம், அதிலும் பாதுகாப்பு வரிகளை இரண்டு முறை படித்த பிறகு. சொந்தத் தேர்வைப் பாதுகாப்பில்லாமல் கொடுக்கும் காகிதத்தில், அணி 50 வெற்றியைத் தொடும் வரை கையெழுத்து வேண்டாம்.